ஓடாத கோழி

கைனகரி
கொல்லம் ஆண்டு 1167, கன்னி மாதம் 18

தங்கச்சி காளிக்குட்டிக்கு அண்ணன் சாத்தன் எழுதுவது.

எழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். பாதி எழுத்து வரப்பின் மேல் நடக்கிறது, பாதி எழுத்து வயலுக்குள் இறங்கிவிடுகிறது. நெல் அறுத்த கை பேனாவையும் அரிவாள் மாதிரியே பிடிக்கிறது. இந்தப் பக்கத்தை முடிக்க மூன்று நாள் ஆயிற்று. ஆனால் யாரும் எழுதித் தரவில்லை, நானே எழுதியது. எழுபத்திரண்டு வயதில் முதியோர் எழுத்தறிவு வகுப்புக்குப் போய், தேர்வு எழுதி, நூற்றுக்கு அறுபத்தெட்டு வாங்கினேன். பக்கத்தில் உட்கார்ந்த இட்டியாதிக்கு ஐம்பத்தொன்றுதான். மருமகள் ஓமனா அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "அச்சா, இதைச் சட்டம் போட்டு மாட்டணுமா, இல்ல நெத்தியில ஒட்டிக்கிறீங்களா?" என்று கேட்டாள். சட்டம் போட்டு மாட்டியாயிற்று.

விஷயத்துக்கு வருகிறேன். நம் அம்மா வளர்த்த மொட்டைக்கழுத்துக் கோழி இனம் இந்தக் கரையில் அற்றுப்போயிற்று. மலையில் உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. எனக்குப் பதினொரு முட்டை வேண்டும். அடை வைத்துக் குஞ்சு பொரிக்கப் போகிறேன். உன் அண்ணி சிருதா இருந்தவரை அதெல்லாம் அவள் வேலை, எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் எழுத்தையே பிடித்துவிட்டேன், கோழியைப் பிடிக்க மாட்டேனா?

ஆறு வருடமாக நீ என் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஒன்றரை வருடத்துக்கு முன் சிருதா இறந்தபோதும் படகிலிருந்து இறங்கி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அதே படகில் திரும்பிவிட்டாய். அதைப் பற்றிச் சண்டை போட இப்போது எழுதவில்லை. முட்டை கேட்டு எழுதுகிறேன்.

அண்ணன்
சாத்தன்


மாங்குளம்
கன்னி 27

அண்ணனுக்கு,

கடிதம் வந்தது. உறையைப் பார்த்ததும் என் பேத்தி, வத்சலாவின் மகள், எழுதியதோ என்று நினைத்தேன். அவள் பாலர் வகுப்பு.

முட்டை தர மாட்டேன். காரணம் உங்களுக்குத் தெரியும். வத்சலாவுக்குக் கல்யாணம் ஆன புதிது, மாப்பிள்ளை வீட்டாரைக் கூட்டிக்கொண்டு முதல் விருந்துக்கு உங்கள் வீட்டுக்கு வந்தேன். சாப்பிட உட்காருவதற்கு முன் நான் கொடுத்த கோழியைப் பார்க்கலாம் என்று பின்பக்கம் போனேன். பதினாறு நாளாக அடையில் இருந்த கோழி. கூடையில் கோழி இல்லை. முட்டைகளைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று கிடந்தன. முன்பக்கம் வந்தால் எல்லார் இலையிலும் கோழிக்குழம்பு. நீங்கள் முற்றத்தில் நின்று, "நான்தான் அறுத்தேன், அதுக்கென்ன இப்போ?" என்றீர்கள். பட்டினி கிடப்பவன்கூட அடைக்கோழி மேல் கை வைக்க மாட்டான்.

இன்னொன்று. முட்டையைக் கேட்கிறீர்களே, அதன் மேல் உட்காரக் கோழி இருக்கிறதா? முட்டை கடைசியில்தான். முதலில் கோழி. பெரிய கோழியாகப் பார்க்காதீர்கள், மிதித்து உடைக்கும். முதல் தடவை முட்டையிட்ட குட்டிக்கோழியும் வேண்டாம், பாதியில் எழுந்து போய்விடும். குட்டைக் காலும் அகல நெஞ்சும் இருக்க வேண்டும். கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வேண்டும். வயிற்றுக்கு அடியில் கை வைத்தால் இறகு உதிர்ந்து, தோல் சுடவேண்டும். முட்டைக்குப் பதிலாக வெள்ளைக் கூழாங்கல் வைத்து மூன்று நாள் பாருங்கள். பிறகு கூடையோடு வேறு இடத்துக்கு மாற்றிப் பாருங்கள். அங்கேயும் உட்கார்ந்தால்தான் அது அடைக்கோழி.

முட்டை தருவேன் என்று இதை எழுதவில்லை. தெரியாமல் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கிறது. அவ்வளவுதான்.

காளிக்குட்டி


கைனகரி
துலாம் 6

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை நானே படித்தேன். முதல் பாதியைப் படிக்க ஒரு பகல் ஆயிற்று, அதில் ஏசல் அதிகம். இரண்டாம் பாதியில் கோழி வந்ததும் வேகமாகப் படித்துவிட்டேன்.

நம் வீட்டில் மூன்று கோழி அடைக்கு நின்றன. ஓமனா சிவப்புக் கோழியைத்தான் வைக்கச் சொன்னாள். பார்க்க அது பஞ்சாயத்துத் தலைவர் மனைவி மாதிரி இருக்கும், பெரிய உடம்பு, பெரிய கொக்கரிப்பு. கல்லின் மேல் இரண்டு நாள் உட்கார்ந்தது. மூன்றாம் நாள் கூடையை விறகுக் கொட்டகைக்கு மாற்றினேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போயிற்று. புள்ளிக் கோழி கொத்தவே இல்லை, கையை நீட்டினால் நகர்ந்து இடம் கொடுத்தது. அவ்வளவு மரியாதை தெரிந்த கோழி நமக்கு எதற்கு?

மூன்றாவது ஒரு சாம்பல் நிறக் கோழி. குட்டை. யாரும் அதைக் கணக்கிலேயே எடுத்ததில்லை. அது கொத்தியதில் கட்டைவிரலில் ரத்தம் வந்தது, மூன்று நாள் பேனா பிடிக்க முடியவில்லை. இந்தக் கடிதம் தாமதமானதற்கு அதுதான் காரணம். கூடையை மாற்றினேன், உட்கார்ந்தது. மறுபடி மாற்றினேன், உட்கார்ந்தது. கல்லை எடுத்துவிட்டேன், வெறும் வைக்கோல் மேலும் உட்கார்ந்திருக்கிறது. வயிறு அடுப்புக்கல் மாதிரி சுடுகிறது. கூடையில் வேப்பிலையும் சாம்பலும் போட்டுப் பேனும் போக்கியாயிற்று.

கோழி தயார். நானும் தயார்.

சாத்தன்


மாங்குளம்
துலாம் 9

அண்ணனுக்கு,

ஆலப்புழை பஸ் கண்டக்டர் கையில் பதினொரு முட்டை கொடுத்து அனுப்பியிருக்கிறேன். உமிக்குள் புதைத்து வைத்திருக்கிறது. சாம்பல் கோழிக்காகத்தான் தருகிறேன். வைக்கோல் மேல் வெறுமனே உட்கார்ந்திருக்கிறது என்று படித்த பிறகு மனசு கேட்கவில்லை.

வந்ததும் வைத்துவிடாதீர்கள். பஸ்ஸில் குலுங்கிய முட்டை ஒரு நாள் முழுக்க அசையாமல் கிடக்கட்டும். ஒவ்வொரு முட்டையிலும் கரியால் அடையாளம் போடுங்கள். வேறு கோழி வந்து நடுவில் முட்டையிட்டால் அதை எடுத்துவிட வேண்டும். தினம் ஒரு தடவை கோழி தானாக இறங்கும். நெல்லும் தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும், கால் மணி நேரத்தில் திரும்பி ஏறிவிடும். ஏழாம் நாள் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துலா மாதத்து இடிக்குக் கூடையில் ஒரு இரும்புத் துண்டு வைக்க மறக்காதீர்கள்.

இருபத்தொரு நாளும் நீங்கள்தான் பார்க்க வேண்டும், ஓமனா தலையில் கட்டக்கூடாது. குஞ்சு பொரியட்டும். அந்தக் கரையில் மறுபடி நான் இறங்கிச் சாப்பிடுவதா வேண்டாமா என்று அப்போது யோசிக்கிறேன்.

காளிக்குட்டி


கைனகரி
துலாம் 22

தங்கச்சிக்கு,

முட்டை பதினொன்றும் உடையாமல் வந்தது. கண்டக்டர் அதை மடியில் வைத்துக்கொண்டே டிக்கெட் கொடுத்தாராம். பதினான்காம் தேதி காலையில் வைத்தேன்.

அடையாளம் போடச் சொன்னாயே. வெறும் கோடு போட எனக்கு மனம் வருமா? ஒவ்வொரு முட்டையிலும் ஒரு எழுத்து எழுதினேன். அ முதல் தொடங்கினேன். "ஐ" எழுதத்தான் மூச்சு முட்டியது, உருண்டையான இடத்தில் அந்தச் சுழி நிற்கவே மாட்டேன் என்கிறது. ஓமனா எட்டிப் பார்த்துவிட்டு, "அச்சா, இது கோழிக்கூடா, பள்ளிக்கூடமா?" என்றாள். வகுப்பு டீச்சரும் வந்து பார்த்துவிட்டுப் போனார். கோழி இருவரையும் கொத்தியது.

நேற்று ஏழாம் நாள். அறையை மூடி, ஓலை இடுக்கில் விழும் வெயிலில் ஒவ்வொரு முட்டையாகப் பிடித்துப் பார்த்தேன். எட்டில் சிலந்தி மாதிரி நரம்பு ஓடியிருக்கிறது. நடுவில் ஒரு புள்ளி துடிக்கிறது, காளிக்குட்டி. நான் இதுவரை பார்த்ததே இல்லை. இத்தனை வருடம் சிருதா இதைத் தனியாகப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். மூன்று முட்டை வெறுமை. எடுத்துவிட்டேன்.

முந்தாநாள் பெரிய இடி. தென்னை ஒன்று எரிந்தது. கூடையில் இரும்பு வைத்திருக்கிறேன், கவலைப்படாதே. என் அறுப்பு அரிவாள்தான்.

சாத்தன்


மாங்குளம்
துலாம் 29

அண்ணனுக்கு,

அரிவாளும் அடைக்கோழியும் உங்கள் வீட்டில் ஒரே இடத்தில் இருக்கிறது என்று படித்ததும் இரண்டு வாய் சோறு இறங்கவில்லை. ஒரு ஆணி கிடைக்கவில்லையா உங்களுக்கு?

எட்டு நல்ல கணக்குதான். பதினெட்டாம் நாளுக்குப் பிறகு முட்டையைத் தொடாதீர்கள். உள்ளே கீச்சுச் சத்தம் கேட்டால் உடைத்து உதவப் போகாதீர்கள், அதுவாக வரட்டும்.

ஒன்று கேட்கிறேன். உங்கள் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்துப் பார்த்தேன். கொத்து வாங்கிக்கொண்டு கோழியைச் சோதிக்கிறீர்கள். முட்டைக்குள் புள்ளி துடிப்பதைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுகிறீர்கள். இந்தக் கையா அன்று அந்தக் கோழியை எடுத்து அறுத்தது? ஆறு வருடமாக எனக்குக் கோபம்தான் இருந்தது. இப்போது புரியாமலும் இருக்கிறது. கோபமே தேவலை.

சமாளித்து எழுதவேண்டாம். எழுதினால் நேராக எழுதுங்கள். இல்லையென்றால் விடுங்கள்.

காளிக்குட்டி


கைனகரி
விருச்சிகம் 7

தங்கச்சிக்கு,

ஏழு குஞ்சு. நான்காம் தேதி சாயங்காலமே இரண்டு குஞ்சு ஓட்டைக் கொத்தத் தொடங்கின, ஐந்தாம் தேதி மத்தியானத்துக்குள் ஏழும் வந்துவிட்டன. ஒன்று ஓட்டுக்குள்ளேயே செத்துப்போயிற்று. உடைத்து உதவக் கை போயிற்று, உன் கடிதத்தை நினைத்துக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஐந்து குஞ்சுக்கு மொட்டைக் கழுத்து. அம்மாவின் கோழி அப்படியே. அரிவாளை உன் கடிதம் வந்த அன்றைக்கே எடுத்துவிட்டு ஆணி வைத்தேன்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். இந்தப் பகுதியை எழுத இரண்டு நாள் ஆயிற்று. எழுத்து தெரியாததால் இல்லை.

இந்தக் கை இல்லை. சிருதாவின் கை.

நீங்கள் ஒன்பது பேர் சொல்லாமல் வந்து இறங்கிய அன்று நான் வயலில் மடை கட்டிக்கொண்டிருந்தேன். மகனுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை, வீட்டில் அவள் தனி. அவள் காலில் அந்த மழைக்காலம் முழுக்கச் சேற்றுப்புண், துணி சுற்றி வைத்திருந்தாள். முற்றத்தில் பன்னிரண்டு கோழி மேய்ந்தன. ஒரு கோழியைப் பிடிக்க வேண்டுமென்றால் ஓடவேண்டும். அவளால் நாலு எட்டு வைக்க முடியாது. புது மாப்பிள்ளை முன்னால் நொண்டிக்கொண்டு கோழி துரத்த வெட்கம். வந்தவர்களைப் பிடித்துத் தரச் சொல்வது அதைவிட வெட்கம். ஓடாத கோழி வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கையை நீட்டினால் எடுத்துவிடலாம். எடுத்துவிட்டாள்.

நான் வந்தபோது அடுப்படியில் உட்கார்ந்து தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். கை முழுக்கக் கொத்துக் காயம். "கொத்திக்கிட்டே இருந்துச்சுங்க. ஆனா எந்திரிச்சு ஓடல" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க தங்கச்சிகிட்ட என் பேரச் சொல்லிராதீங்க. நான் கண்ண மூடுற வரைக்கும் சொல்லிராதீங்க" என்றாள். நான் முற்றத்துக்கு வந்து நீ கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

அவள் கண்ணை மூடினாள். வாக்கு முடிந்தது. ஆனால் உன்னிடம் எப்படிச் சொல்வது? நீ படகிலிருந்து இறங்கி அதே படகில் போனாய். மகனையோ ஓமனாவையோ எழுதச் சொன்னால் சிருதாவின் ரகசியம் அவர்களுக்கும் தெரிந்துவிடும். வெளியே என்றால் டீக்கடை வறீதிடம்தான் போகவேண்டும். அவன் எழுதினால் அது கடிதம் இல்லை, தமுக்கு. ஒவ்வொரு வரியையும் கடை முழுக்கக் கேட்கும்படி வாய்விட்டுப் படித்துத்தான் எழுதுவான். சிருதாவின் பேரை அந்தப் பெஞ்சில் கொண்டுபோய் வைக்க எனக்கு இஷ்டமில்லை. அதனால்தான் வகுப்பில் சேர்ந்தேன். எதற்குப் படிக்க வருகிறீர்கள் என்று டீச்சர் கேட்டார். பஸ் போர்டு படிக்க என்று சொன்னேன். மற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

இந்தக் கடிதத்தை நானும் நீயும் தவிர யாரும் படிக்கவில்லை.

சாத்தன்


மாங்குளம்
விருச்சிகம் 16

அண்ணனுக்கு,

மூன்று தடவை படித்தேன். நடுவில் ஏலக்காய் பறிக்கப் போய்விட்டு, கூடையைப் பாதியில் போட்டுவிட்டு வந்து மறுபடி படித்தேன்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. சிருதா உங்களிடம் சொல்லவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. நீங்கள் வயலில் இருந்தபோது அவள் எங்களுக்குப் பாய் விரித்துவிட்டு, சோறும் மீன் குழம்பும் இருக்கிறது, சாப்பிடலாம் என்றாள். நான் முற்றத்தில் நின்று, எல்லார் காதிலும் விழும்படி, "என்ன அண்ணி, முத்தம் பூரா கோழி மேயுது, புது மாப்பிள்ளைக்கு வெறும் மீன் குழம்பா?" என்றேன். தமாஷாகத்தான் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். நொண்டிக்கொண்டு போனாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, வேலைக்குச் சோம்பல் என்று நினைத்தேன்.

அவளை அந்தக் கூடைக்கு அனுப்பியது நான்தான். அவள் அதை உங்களிடம்கூடச் சொல்லாமல் போயிருக்கிறாள். நீங்கள் அவளைக் காப்பாற்றினீர்கள், அவள் என்னைக் காப்பாற்றியிருக்கிறாள். நான் மட்டும் ஆறு வருடம் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

உங்களுக்கு எழுதிவிட்டேன். அவளுக்கு எழுத முடியாது. அதனால் வருகிறேன். விருச்சிகம் இருபத்தாறாம் தேதி மத்தியானப் படகில் இறங்குவேன். எந்தக் கோழியையும் அறுக்கக் கூடாது. ஓமனாவிடம் சொல்லுங்கள், சோறும் மீன் குழம்பும் போதும்.

குஞ்சுகளை ஒரு மாதம் ஆகும்வரை ஈரத்தில் விடாதீர்கள். உடைத்த அரிசி போடுங்கள். பருந்து வந்தால் சாம்பல் கோழி பார்த்துக்கொள்ளும்.

காளிக்குட்டி


கைனகரி
தனு 3

தங்கச்சிக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்ததைக் கண்டக்டர் வந்து சொன்னார். நீ சொல்லிவிட்டுப்போன மாதிரி கூட்டின் வாசலைக் கிழக்கே திருப்பிவிட்டேன். சிவப்புக் கோழி அடைக்கு ஆகாது என்று நீ சொன்னதை ஓமனா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. "அத்தை வந்த மூணு நாளும் அது கோச்சுக்கிட்டு முட்டையே போடல" என்கிறாள்.

அன்று நீ படகிலிருந்து இறங்கினாய். வீட்டுக்குள் வராமல் நேரே தெற்கு மூலைக்கு, சிருதாவைப் புதைத்த இடத்துக்குப் போனாய். வாழை நிழலில் தரையில் உட்கார்ந்தாய். ஓமனா பாய் கொண்டுவரப் போனாள், நான்தான் வேண்டாம் என்றேன். வெகுநேரம் உட்கார்ந்திருந்தாய். உன் வாய் அசைந்தது. என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை, இனியும் கேட்க மாட்டேன். அது அண்ணிக்கும் நாத்தனாருக்கும் உள்ள விஷயம்.

பிறகு எழுந்து, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு அடுப்படிக்கு வந்தாய். "பசிக்குது ஓமனா. சோறு போடு" என்றாய். நான் வெளியே போய்க் குஞ்சுகளை எண்ணுவது மாதிரி நின்றுகொண்டேன். ஏழுதான் இருந்தன, நான் எத்தனை தடவை எண்ணினாலும் ஏழு வரவில்லை.

புள்ளிக் கோழி இப்போது அடைக்கு நிற்கிறது. இந்தத் தடவை கையைக் கொத்துகிறது, எங்கே கற்றதோ தெரியவில்லை. கூழாங்கல் வைத்திருக்கிறேன், நாளைக்குக் கூடையை மாற்றிப் பார்க்க வேண்டும். உட்கார்ந்ததா எழுந்து போயிற்றா என்று அடுத்த வாரம் எழுதுகிறேன்.

அண்ணன்
சாத்தன்